பேய்க்கு எதற்கு பிளாஷ்பேக்?

பேய்ப் படம் என்றால் மொழி, நடிகர், விமர்சனம் எதையும் பார்க்காமல் டிக்கெட் எடுக்கிற ஆள் நான். டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து, தெருவே ஒரு வீட்டில் கூடி 'ஈவில் டெட்' பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. வீட்டில் யாரும் துணைக்கு வருவதில்லை, பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன். இத்தனை வருடம் பார்த்ததில் ஒரு பெரிய மனக்குறை உண்டு. நம் ஊர்ப் பேய்கள் ரொம்பப் பேசுகின்றன.

இடைவேளை வரை நன்றாகத்தான் பயமுறுத்தும். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், ஊஞ்சல் ஆடும், பாப்பா யாருமில்லாத மூலையைப் பார்த்துச் சிரிக்கும். அப்புறம் ஒரு மந்திரவாதி வந்து "யார் நீ, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். அவ்வளவுதான், பிளாஷ்பேக். நிலத்தை அபகரித்த வில்லன், கொல்லப்பட்ட குடும்பம், நடுவில் ஒரு சோகப் பாட்டு. முடிந்து வெளியே வரும்போது பேய் நமக்கு வேண்டப்பட்ட கட்சிக்காரர் ஆகிவிடுகிறது. வில்லனை எப்போது தூக்கிப் போட்டு மிதிக்கும் என்று காத்திருக்கிறோம். இதில் பயம் எங்கே மிச்சம் இருக்கும்?

'காஞ்சனா'வைச் சொல்லிச் சண்டைக்கு வராதீர்கள், அது எனக்குப் பிடிக்கும். 2011இல் சரத்குமாரைத் திருநங்கையாக நிறுத்தி, அந்தப் பகுதியைக் கேலி இல்லாமல் எடுத்ததற்காகவே ராகவா லாரன்ஸுக்கு ஒரு சலாம். அதில் பிளாஷ்பேக்தான் படம். ஆனால் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக் கிளம்பி வந்தவை இருக்கின்றனவே! பாழடைந்த பங்களா, கட்டிலுக்கு அடியில் நாலு காமெடியன்கள், இடையில் ஒரு குத்துப் பாட்டு. விடுங்கள்.

என் பட்டியலில் முதல் இடம் 'யாவரும் நலம்' (2009) படத்துக்கு. மாதவன் குடும்பம் 13ஆவது மாடியில் 13பி என்கிற புது பிளாட்டுக்குக் குடிவருகிறது. லிஃப்டில் அவர் தனியாக ஏறினால் அது நகராது. கூட இன்னொருவர் ஏறினால் சமர்த்தாகப் போகும். வீட்டில் பால் திரிந்துகொண்டே இருக்கிறது. சாமி படம் மாட்டச் சுவரில் ஓர் ஆணி அடிக்க முடியவில்லை. வீட்டுப் பெண்கள் மதியம் உட்கார்ந்து பார்க்கிற சீரியலில் வரும் குடும்பத்துக்கு என்ன நடக்கிறதோ, அதுவே இவர்களுக்கும் நடக்கிறது. யோசித்துப் பாருங்கள், பால், ஆணி, லிஃப்ட், டிவி சீரியல். இதில் எது நம் வீட்டில் இல்லை? பி. சி. ஸ்ரீராம் பட்டப்பகல் வெளிச்சத்தில் ஹாலைக் காட்டும்போதே அடிவயிறு கலங்கும். பழைய கதை இதிலும் வருகிறதுதான். ஆனால் இயக்குநர் விக்ரம் கே. குமார் அதைப் பேய் வாயால் சொல்ல வைக்கவில்லை. மாதவனே தேடிப் போய்க் கண்டுபிடிக்கிறார். தெரிந்த பிறகும் நிம்மதி கிடைப்பதில்லை. எல்லாம் முடிந்தது என்று செருப்பைத் தேடும் நேரத்தில் லிஃப்டுக்குள் செல்போன் அடிக்கும் பாருங்கள்!

அதே வருடம் வந்த அறிவழகனின் 'ஈரம்' அடுத்தது. கதவிடுக்கில் கசிந்து வரும் தண்ணீரை வைத்தே பயமுறுத்திய படம். பார்த்துவிட்டு வந்த இரவு குழாயை இறுக மூடினேனா என்று எழுந்து பார்த்தவர்கள் கை தூக்கலாம்.

'பீட்சா' (2012) இன்னும் குசும்பான படம். டார்ச் வெளிச்சத்தில் விஜய் சேதுபதி அந்த பங்களாவுக்குள் படுகிற பாட்டைப் பார்த்து நாம் நகம் கடித்துக்கொண்டிருக்க, கார்த்திக் சுப்புராஜ் கடைசியில் செய்கிற வேலையே வேறு. இன்னும் பார்க்காதவர்கள் யாராவது இருக்கக்கூடும், அதனால் சொல்லவில்லை. மிஷ்கினின் 'பிசாசு' (2014) பயத்துக்காகப் பார்க்கிற படம் இல்லை. சாகும்போது தன் கையைப் பிடித்தவன் வீட்டுக்கு ஒரு பெண் ஆவியாக வருகிறாள். கணக்குத் தீர்க்க அல்ல, பிரியத்தில்.

சமீபத்தில் என்னை உண்மையாகவே கலங்க வைத்தவர் மலையாளத்தில் ராகுல் சதாசிவன். 'பிரம்மயுகம்' எல்லோருக்கும் தெரியும், மம்மூட்டி இருக்கிறார். அதற்கு முன் 2022இல் அவர் எடுத்த 'பூதகாலம்' பாருங்கள். மன அழுத்தத்தில் தவிக்கும் அம்மாவாக ரேவதி, வேலை கிடைக்காத மகனாக ஷேன் நிகம். ஒரே வீட்டில் இருந்தும் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர். மகன் வீட்டில் ஏதோ இருக்கிறது என்கிறான், ஊர் அவனுக்கு மனநிலை சரியில்லை என்கிறது. எனக்கு அந்தப் பேயைவிட, அவன் சொல்வதை ஒருவரும் நம்பாததுதான் பெரிய திகிலாக இருந்தது.

பழசில் ஒன்று. 1963இல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் ஏ. வின்சென்ட். அந்த நிழலும் வெளிச்சமும் இன்றைக்கும் மிரட்டும். அடுத்த வருடமே அவர் மலையாளத்தில் எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் எழுத்தில் 'பார்கவி நிலையம்' இயக்கினார். பேய் வீடு என்று ஊர் ஒதுங்கிப் போகும் பங்களாவுக்கு ஓர் எழுத்தாளர் குடிவந்து, இல்லாத அந்தப் பெண்ணோடு தானே பேசிக்கொண்டிருப்பார். வணக்கம் சொல்வார், கோபித்துக்கொள்வார், சமாதானம் செய்வார். அந்த எழுத்தாளராக நடிகர் மது தனியாளாக நின்று நடித்திருப்பார். பேச வேண்டிய ஆள் யார் என்று வின்சென்டுக்கு 1964லேயே தெரிந்திருக்கிறது.

சரி, உங்கள் பட்டியலைக் கீழே போடுங்கள். காமெடிப் பேய்களோடு வருபவர்களுக்கு லைக் மட்டும் போடுவேன், பதில் கிடையாது.