அப்பத்தாவின் சந்தைக்கு எங்கே சான்று?
விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் ஊர் வரலாறு தானாகச் சேர்ந்துவிடும் என்கிறது இங்கே வந்த ஒரு கட்டுரை. எங்கள் ராமநாதபுரம் கரையில் அப்படி நடக்கவில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003-லேயே வந்துவிட்டது, எழுதவும் ஆள் உண்டு, சான்றுக்குத்தான் பஞ்சம். 1964 டிசம்பர் புயல், அதில் அடித்துச் செல்லப்பட்ட பாசஞ்சர் ரயில் இதற்கெல்லாம் அன்றைய பத்திரிகை இருக்கிறது. இதே கரையில் பெரியபட்டினத்தில் கிடைத்த பழைய சீனப் பீங்கான் துண்டுகளுக்கும் ஆய்வுக் கட்டுரை உண்டு. ஆனால் புயலுக்கு முன் தனுஷ்கோடியில் அப்பத்தா கருவாடு விற்ற இடம், பக்கத்துக் கடைகள்? அது அவர் வாயில் மட்டும்தான். எழுதிப் பார்த்துவிட்டு, அடிக்குறிப்பில் போட ஒன்றுமில்லாமல் நானே அழித்தேன். சான்று கேட்கும் விக்கிப்பீடியா விதி சரிதான், குறை சொல்லவில்லை. இப்போது செல்போனில் அவர் பேச்சைப் பதிகிறேன். நாலு நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் பழைய படங்களை விக்கிப்பீடியாவில் அள்ளிப் போடச் சொல்கிறார். எடுத்தவர் யாரென்றே தெரியாத படத்தை எந்த உரிமத்தில் ஏற்றுவது?