பாய் விரிப்பதும் ஊழியம்தான்
பெரிய தரிசனம், அதாவது கடவுளுக்காகப் பெரிதாக ஒன்றைச் செய்யும் கனவு, உள்ளவர்கள் சில்லறை வேலைகளில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று நான் படித்த ஒரு கட்டுரையில் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது ஒரே ஒரு கட்டிலோடு. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-ல்தான். நடுவில் 18 வருடம் பெரும்பாலும் நோயாளிகளைப் பார்ப்பதிலேயே கழிந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்பது என் அம்மாவின் தீராத ஆசை. பள்ளி இன்னும் வரவில்லை, சரி. ஆனால் ஞாயிறு தவறாமல், பனியில் நமுத்த பாயை உதறி விரித்து, பழம் பறிக்கும் மாதங்களில் பிசுபிசுத்த கையோடு வரும் பிள்ளைகளுக்கு வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அப்புறம்தான் ஜெபமும் எழுத்தும். அங்கே அ, ஆ படித்த ஒரு பெண் இப்போது சேலத்தில் நர்ஸ். லீவில் மலைக்கு வந்தால் அந்தப் பாயை அவள்தான் விரிக்கிறாள்.