காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்

ஞாயிற்றுக்கிழமை படத்துக்குக் கீழே நடந்ததைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பீர்கள், அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. ஓடி முடித்ததும் எடுத்த என் படத்தில் முடி குறைந்து மண்டைத் தோல் தெரிந்தது, அதைப் பற்றியே 60 கருத்துகள் வந்தன. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். வழக்கம்போல ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டுக் கடந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த முறை முடியவில்லை. "ஊசி போடாம இந்த வயசுல இப்படி ஆகாது தம்பி, எங்ககிட்ட மறைச்சாலும் டாக்டர்கிட்டயாவது உண்மையச் சொல்லிருங்க" என்று நம்மோடு ஓடும் அண்ணன் ஒருவர் எழுதினார். உடம்பு ஏற்றப் போடும் ஸ்டீராய்டு ஊசியைத்தான் சொல்கிறார். அதற்கு 43 பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் வாராவாரம் கோவை ரேஸ்கோர்ஸில் என் பக்கத்தில் ஓடுகிறவர்கள். என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடிக்கிறவர்கள்.

நான் ஊசி போடுவதில்லை. இதுவரை போட்டதும் இல்லை. இதை எழுத வேண்டி வந்ததே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த ஊசி, வழுக்கை விழும் தன்மை உள்ளவர்களுக்கு அதை வேகப்படுத்தும் என்பது உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, முடி குறைந்தவன் எல்லாம் ஊசி போட்டவன் என்று எப்படிச் சொல்லலாம்? மழை பெய்தால் ரோடு நனையும். ரோடு நனைந்திருந்தால் லாரித் தண்ணீர் சிந்தியும் இருக்கலாம் இல்லையா?

எனக்கு 27 வயது. 19 மாதமாக முடி கொட்டுகிறது. முன்நெற்றி ஏறவில்லை, உச்சியில் வட்டமாகச் சொட்டை விழவில்லை. தலை முழுக்க ஒரே சீராக அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது. காய்ந்த தலையோடு வெளிச்சத்தைப் பார்த்து நின்றால் பலருக்குத் தெரியவே தெரியாது. வியர்த்து முடி ஒட்டிக்கொண்டால், மேலிருந்து வெளிச்சம் விழுந்தால், மண்டைத் தோல் அப்படியே தெரியும். ஞாயிற்றுக்கிழமை படம், நான் ஓடி முடித்த கையோடு, எடுத்தவர் மேடை மேல் நின்று கீழே பார்த்து எடுத்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஏன் கொட்டுகிறது என்று எனக்குத் தெரியாது. பார்த்த இரண்டு தோல் டாக்டர்களுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். நான் எதையோ மறைக்கிறேன் என்று அர்த்தம் இல்லை.

நான் சும்மா இருந்துவிட்டுப் புலம்பவில்லை என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். தைராய்டு பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 14.8. இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 61. பி12 சரி. வைட்டமின் டி மட்டும் குறைவாக, 19 இருந்தது. அதற்கு வாரம் ஒன்றாக 60,000 யூனிட் பொடி, எட்டு வாரம் பாலில் கலந்து குடித்தேன், 38க்கு ஏறியது. முடி கொட்டுவது நிற்கவில்லை. உறவுக்காரர் ஒருவர் முடிக்கு நல்லது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை டப்பா வாங்கிக் கொடுத்தார், அதையும் தின்றேன். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போனபோதுதான் டாக்டர் கேட்டார், பயோட்டின் எடுக்கிறீர்களா என்று. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனையின் எண்ணையே அது மாற்றிக் காட்டிவிடுமாம், அமெரிக்க மருந்துத் துறை 2017லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். முடிக்காக என்று அன்போடு கொடுக்கப்பட்ட ஒரு டப்பாவால் ஒரு மாதம் வீணானது.

முதல் டாக்டர் ஒரு கற்றையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். 50, 60 முடியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் பத்தில் ஒன்றுக்கு மேல் கையோடு வரக்கூடாதாம். எனக்கு வந்தது. "மூணு நாலு மாசத்துல தானா நின்னுரும்" என்றார். அவர் சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது, அதில் பத்து சதவீதம் போல எப்போதும் ஓய்வில் இருக்கும், ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது சாதாரணம். உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி, அதாவது டெங்கு, டைபாய்டு, அறுவை சிகிச்சை, திடீரென்று எடை குறைவது போல ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடி கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் ஒன்றாக உதிரும். காய்ச்சல் வந்ததையே மறந்துவிட்ட நேரத்தில் முடி கொட்டும், அதனால்தான் யாருக்கும் காரணம் பிடிபடுவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை.

இரண்டாவது டாக்டர் லென்ஸ் வைத்த கருவியில் பார்த்துவிட்டு, சில முடி தடியாகவும் சில மெலிந்தும் இருக்கிறது, ஒருவேளை இது ஆண்களுக்கு வரும் வழுக்கையே தலை முழுக்கப் பரவலாக வருகிற வகையாக இருக்கலாம், ஒருவேளை அதுவும் அதிர்ச்சியால் வரும் உதிர்வும் கலந்து இருக்கலாம், உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தோலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் 58 வயதில் அப்பாவுக்கு வகிடு எடுத்துச் சீவும் அளவுக்கு முடி இருக்கிறது. தாத்தாவுக்கும் கடைசி வரை இருந்தது. மாமன்மார் மூன்று பேருக்கும் இருக்கிறது. அதைச் சொன்னேன். "பல ஜீன் சேர்ந்து முடிவு பண்ற விஷயம்ங்க, ரெண்டு பக்கமும் யாருக்கும் இல்லேன்னாலும் வரலாம்" என்றார். அவர் 'இருக்கலாம்', 'ஒருவேளை' என்று பேசியது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் இந்த 19 மாதத்தில் என்னிடம் நேர்மையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. படித்தவர், கருவி வைத்துப் பார்த்தவர், 'இருக்கலாம்' என்கிறார். படத்தைப் பார்த்தவர்கள் 'ஊசிதான்' என்கிறார்கள்.

அந்த அண்ணன் மட்டும் இல்லை. எல்லோரிடமும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. உப்புத்தண்ணீர் என்கிறார்கள். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர், கோவைக்காரர்களுக்கு அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. வியர்வை என்கிறார்கள், ராத்திரி போன் பார்ப்பது என்கிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் இருந்து எழுந்து கை கழுவப் போன என்னை ஒரு பெரியவர் ஓரமாகக் கூட்டிப்போய், "கெட்ட பழக்கம் ஏதாவது இருந்தா விட்டுரு கண்ணு" என்றார். கை ஈரத்தோடு நின்றேன். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது. கவனித்துப் பாருங்கள், இவர்கள் சொல்லும் காரணம் எல்லாமே நான் செய்த ஏதோ ஒரு தப்பாகத்தான் இருக்கும். வந்தது வந்துவிட்டது, உன் மேல் தப்பில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஹெல்மெட் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்று யார் ஆரம்பித்தார்களோ, என் சித்தப்பா மகன் அதை நம்பிவிட்டான், என் தலையைப் பார்த்துப் பயந்து. அவனுக்கு 21 வயது. வண்டியில் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போய், அவிநாசி சாலையில் மணலில் சறுக்கி விழுந்தான். புருவத்தில் ஏழு தையல். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது எங்கள் நல்ல நேரம். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் முடி வேரோடு உதிராது, இறுக்கமாக உரசினால் ஒன்றிரண்டு ஒடியலாம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவன் என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஆனமாதிரி ஆயிருமோன்னுதாண்ணா" என்றான். அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லிவிட்டு நீங்கள் போய்விடுகிறீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனைப் பற்றி நினைக்கிறீர்களா?

சரி, ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, டாக்டரும் கேட்டார். முதல் அரை மாரத்தானுக்குத் தயாரானபோது மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்தேன். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை. உடம்புக்குப் போதிய சாப்பாடு இல்லாவிட்டால் முடிக்குத்தான் முதலில் கை வைக்கும். ஆரம்பம் அதுவாக இருந்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறைந்த எடை திரும்பி வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தினமும் மூன்று முட்டை, சுண்டல், வாரம் இரண்டு நாள் மீன். இன்னும் கொட்டுகிறது. அப்படியானால் காரணம் அது மட்டும் இல்லை, அல்லது அதுவே இல்லை. ஓட்டத்தை நிறுத்திப் பார் என்று சொன்னார்கள், இரண்டு மாதம் நிறுத்தியும் பார்த்தேன். முடியும் கொட்டியது, தூக்கமும் போனது. அந்த இரண்டு மாதம் எப்படிப் போனது என்று என் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

அம்மாவைப் பற்றி எழுத நினைக்கவில்லை, எழுதிவிடுகிறேன். என் தட்டில், இட்லியில், தோசையில் ஒரு முடி கிடந்தால் நான் பார்ப்பதற்கு முன்னால் எடுத்துவிடுவார். முன்பெல்லாம் அது யார் முடி என்று வீட்டில் சண்டையே வரும், இப்போது யாரும் பேசுவதில்லை. குளியலறைச் சல்லடையை எனக்குப் பிறகு போய் சுத்தம் செய்கிறார், நான் வேண்டாம் என்று சொல்லியும். பொள்ளாச்சியில் இருந்து செக்கு எண்ணெய் வாங்கி, செம்பருத்தி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சுகிறார். எண்ணெயால் வேரில் இருந்து புது முடி வராது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஞாயிறு மதியம் திண்ணையில் உட்கார்ந்து தலையைக் கொடுப்பேன். சின்ன வயதில் சூடு பறக்கத் தேய்ப்பார், தலை ஆடும், நான் கத்துவேன். இப்போது விரல் பட்டும் படாமல் தேய்க்கிறார். இழுத்தால் வந்துவிடுமோ என்று பயம். அந்தக் கை அப்படித் தயங்குவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"முடிதானே, உயிரா போச்சு" என்று எழுதியவர்களுக்கு: உயிர் போகவில்லை. ஆனால் முடிதானே என்று உங்களுக்குத் தோன்றினால் ஏன் 60 பேர் அதைப் பற்றியே எழுதினீர்கள்? பெண் பார்க்கப் போகும்போது பையனுக்கு முடி கம்மி என்று தரகர் ஏன் முன்கூட்டியே போனில் சொல்கிறார்? சலூனில் "சின்னதா வெட்டிரலாங்களா, மறையும்" என்று குரலைத் தாழ்த்தி ஏன் கேட்கிறார்கள்? நீங்கள் எல்லோரும் சேர்ந்து அதைப் பெரிய விஷயமாக்கிவிட்டு, அது எனக்கு வலித்தால் மட்டும் 'முடிதானே' என்பது நியாயம் இல்லை. பெண்களுக்கு இது வந்தால் இதைவிட எத்தனையோ மடங்கு கஷ்டம் என்று ஒரு தோழி எழுதியிருந்தார். உண்மை. அவருக்கு நான் எதிர்வாதம் எதுவும் செய்யப் போவதில்லை. மொட்டை அடித்துக்கொள் என்றவர்களுக்கும் பதில் சொல்லப் போவதில்லை. அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் அடிப்பேன்.

மருந்து இருக்கிறதே, ஏன் போடவில்லை என்பவர்களுக்கு: மினாக்ஸிடில் போடுகிறேன். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையில் முடி வளர்வதைப் பார்த்து, பிறகு தலைக்குத் தடவும் மருந்தாக வந்தது அது. ஆரம்பித்த முதல் சில வாரம் இன்னும் அதிகமாகக் கொட்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பயந்து ஆறு வாரத்தில் நிறுத்திவிட்டேன். அது சாதாரணம், பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிது வருவதற்காகத்தான் என்று பிறகு தெரிந்து மறுபடி தொடங்கி இப்போது நான்காவது மாதம். வழுக்கைக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை பற்றி இன்னும் யோசிக்கிறேன். சிலருக்கு அந்தரங்கமான பக்கவிளைவு வருகிறது, அதனால் அந்த முடிவு எனக்கும் என் டாக்டருக்கும் இடையில் இருக்கட்டும். நடுவில் ஒரு கிளினிக்கில் 'நூறு சதவீத உத்தரவாதம்' என்று சொல்லி 18,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். பிறகுதான் தெரிந்தது, எந்த மருந்தையும் வைத்துக் குணப்படுத்துவேன் என்று சொல்லக்கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று நம் மருந்து விதிகளில் இருக்கிறது, அதன் பெயர் ஜே அட்டவணை, அதில் வழுக்கையும் இருக்கிறது என்று. அந்தப் பணம் போனதற்குக் காரணமும் நீங்கள்தான் என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். ஆனால் காரணம் கேட்டுக் கேட்டு ஒருவனைத் துரத்தினால் அவன் உத்தரவாதம் என்ற பலகையைப் பார்த்ததும் உள்ளே போகத்தான் செய்வான்.

"உங்க நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்று அந்த அண்ணன் நேற்று தனியாக எழுதியிருந்தார். அண்ணா, நல்லதுக்கு என்றால் ஓடும்போது பக்கத்தில் வந்து கேட்டிருக்கலாம். என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. போன வருடம் உங்களுக்கு முட்டி வலித்தபோது நான் எல்லோர் முன்னாலும் காரணம் கண்டுபிடிக்கவில்லை, வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டேன்.

படத்தை நீக்க வேண்டாம். எனக்கு அந்தப் படம் பிடித்திருக்கிறது. அந்தக் கருத்தை மட்டும் நீக்கிவிடுங்கள். அன்றைக்கு 10 கிலோமீட்டரை 47 நிமிடம் 12 விநாடியில் முடித்தேன், இத்தனை வருடத்தில் என் வேகமான ஓட்டம் அதுதான். 60 கருத்துகளில் ஒருவர்கூட நேரம் என்ன என்று கேட்கவில்லை.