பேதியை விதி ஆக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயத்துப் பாட்டுகளைக் கைப்பேசியில் பிடித்துப் போடுகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு கும்பிடு. நல்ல வேலை. ஆனால் அழுகிற பாட்டு எது கிடைத்தாலும் மேலே ‘சயாம் மரண ரயில் பாட்டு’ என்று எழுதிவிடுகிறீர்கள். சப்பான்காரன் மலாயாவை ஆண்டபோது தோட்டத்து ஆட்களை அள்ளிப்போய், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போடவைத்தானே, அந்தச் சாவுகளின் பாட்டாம். அங்கேதான் இடிக்கிறது.

பாட்டில் கப்பல் வருகிறதா? பொறுங்கள். இங்கிருந்து சயாமுக்கு ஆளை அள்ளிப்போனது கூட்ஸ் ரயில். சயாமில் பான்போங் ஸ்டேஷனில் இறக்கி, காட்டுக்குள் நடக்கவிட்டார்கள். கப்பல் என்றால் பெரும்பாலும் நாகப்பட்டினத்தை விட்டு வந்த பிரிவு, ரஜூலா கப்பல் ஓடின காலத்துக் கதை. சப்பான் காலத்தில் ஊருக்குக் கப்பலும் இல்லை, கடுதாசியும் இல்லை. மரவள்ளியும் சாக்குத்துணியும் வந்தால் சப்பான் காலம் என்று ஓரளவு நம்பலாம். சயாம் என்று சொல்ல அது போதாது. லயத்திலேயே கிடந்தவர்களும் அதைத்தான் தின்றார்கள், அதைத்தான் கட்டினார்கள். சப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டை மூட்டையாகக் கொடுத்தும் அரிசி கிடைக்கவில்லை என்றால் அது கடைசிக் காலம், 1945ஐ ஒட்டியது.

ஒப்பாரிக்கு என்று ஓர் அச்சு உண்டு. தங்கக் கட்டில், பவளத் தொட்டில், ராசா, யானை கட்டின வாசல் எல்லாம் எந்தச் சாவுக்கும் வரும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவருக்கு ஏது யானை? அதையெல்லாம் வரலாறாக விளக்கி நாலு பத்தி எழுதுவது வீண். அதே பாட்டியிடம் வேறொரு சாவுக்குப் பாடினதையும் வாங்குங்கள். இரண்டிலும் இருக்கிற வரிகளை ஒதுக்குங்கள். நாலைந்து வரிதான் மிஞ்சும். செத்த ஆள் அதில்தான் இருக்கிறார்.

அந்த நாலைந்தில் கை வைக்கிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. ‘பேதியில போனாரே’ என்று பாட்டி பாடியிருப்பார். பல் போன வாய். கேட்கிறவருக்கு ‘விதியில’ என்று விழும். சிலர் தெரிந்தேதான் மாற்றுகிறார்கள், மேடையில் பேதி அசிங்கமாம். விதி என்றால் யார்மேலும் பழி இல்லை. பேதி என்றால் கேள்வி வரும்: 1943 மழைக்காலத்தில் காலரா பரவினபோது தண்ணீரைக் காய்ச்ச அண்டா கொடுத்தார்களா? கைதியான வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு அவர்களுடைய டாக்டர்களே இருந்தார்கள். காய்ச்சின தண்ணீரைத்தான் குடிக்கவிட்டார்கள். நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அப்படி யாரும் இல்லை. 415 கிலோமீட்டர் பாதையில் செத்த கைதிகள் 12,000க்கு மேல்; காஞ்சனபுரியில் பேர் வெட்டிய கல் வரிசையாக நிற்கிறது. அதைவிடப் பல மடங்கு செத்த ஆசியத் தொழிலாளிகளுக்கு அப்படிக் கல் வரிசை இல்லை. இந்த நிலையில் எதனால் செத்தார் என்று சொல்ல அந்த ஒரு சொல்தான் இருக்கிறது.

ஆகவே முதல் தடவை குறுக்கே பேசாமல் முழுப்பாட்டையும் பிடியுங்கள். இரண்டாம் தடவை பாடச் சொல்லாதீர்கள், வரி வரியாகச் சொல்லச் சொல்லுங்கள். மெட்டு போனால் சொல் தெளியும். “பாட்டி, பேதியா விதியா?” என்று நீங்களே எடுத்துக்கொடுத்தால் தலையாட்டிவிடுவார். “அவருக்கு என்னா ஆச்சு பாட்டி?” என்று கேளுங்கள். அப்போதும் பிடிபடாத சொல்லுக்கு வெறும் புள்ளி வையுங்கள்.