முள் பாதிக்கு ஏறுகிறதா பாருங்கள்

“வண்டிக்கு இருபது வயசாச்சு, இனி மைலேஜ் எல்லாம் எதிர்பார்க்காதீங்க” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய 2005 மாடல் ஹூண்டாய் ஆக்சென்ட், பெட்ரோல். மதுரைக்குள் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, போன வருடம் 8-க்கு இறங்கிவிட்டது. வயசுதான் காரணம் என்று நானும் ஆறு மாதம் நம்பினேன்.

ஒருநாள் திருச்சிக்குப் போகும்போதுதான் கவனித்தேன். மேலூர், கொட்டாம்பட்டி தாண்டித் துவரங்குறிச்சி வந்தும், சூடு காட்டும் முள் கால் பங்குக்கு மேல் ஏறவே இல்லை. அதுவும் சித்திரை வெயிலில்.

வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஹோஸைக் கழற்றி, தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடத்தில் டார்ச் அடித்தார். காலி. முன்பு வண்டி ஹீட் ஆனபோது வேலை பார்த்த பட்டறையில் அதை எடுத்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை” என்று இன்னும் எத்தனை பேர் நம்புகிறார்கள்!

தெர்மோஸ்டாட் ஒரு சின்ன வால்வு. இன்ஜின் தண்ணீர் சுமார் 80 டிகிரியைத் தாண்டினால்தான் திறந்து ரேடியேட்டருக்கு விடும். அது இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டரைச் சுற்றி வந்து இன்ஜினைச் சூடேற விடாது. இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்ல, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவும் பெட்ரோலைக் கூட்டிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களுக்குக் கொடுக்கவேண்டிய பெட்ரோலை என் வண்டி நாள் முழுக்கக் குடித்திருக்கிறது. இன்ஜின் தேய்மானம் வேறு.

அதோடு, ஜாக்கி போட்டு முன் வீல்களைக் கையால் சுற்றிப் பார்த்தார். வலது வீல் தாராளமாகச் சுற்றியது. இடது வீல் அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகரும் பின் கம்பியில் கிரீஸ் காய்ந்து, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரேக்கில் லேசாகக் கால் வைத்தபடியே ஓட்டியது போலத்தான்.

மைலேஜ் குறைந்தால் எல்லாவற்றுக்கும் பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் காரணம் என்கிறார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு, உண்மைதான். ஆனால் 20 சதவீதக் கலப்பில் அந்த இழப்பு 6, 7 சதவீதம்தான் வரும். 11 கிலோமீட்டர் 8 ஆவதற்கு அது மட்டும் போதாது.

அப்புறம், இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரோடு ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் ஐடிலுக்காக எரிந்துகொண்டுதான் இருக்கும். வண்டியும் பிடிக்கு நிற்காது.

பட்டறைக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதையாவது கழற்றினால் வண்டிக்காரரிடம் சொல்லுங்கள், பில்லிலும் எழுதுங்கள். ஒரு வரி போதும். தெர்மோஸ்டாட்டும் பிரேக்கும் சரியானபின் மூன்று முறை டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்துவிட்டேன். கடைசியாக வந்தது 10.8.