'உடல்நல விடுப்பு' என்று அச்சிட்டிருந்தார்கள்

பாஸ்டன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் ஆண்டுதோறும் ஒரு கையேடு அச்சிடும். எந்தப் பாதிரியார் எந்தப் பங்கில் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியில்) இருக்கிறார் என்று பெயர் வரிசையில் போட்டிருக்கும். ரகசியமே கிடையாது, நூலகத்தில் யார் வேண்டுமானாலும் புரட்டலாம். பிள்ளைகளைச் சீரழித்த பாதிரியார்களை மறைமாவட்டம் மறைத்ததை ஒரு பத்திரிகை வெளிக்கொண்டுவந்த கதைதான் 'ஸ்பாட்லைட்' (2015). அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கையேட்டின் மேல் ஒரு கண் வையுங்கள்.

அதன் அருமை புரிய அந்த ஊரில் அன்றிருந்த சட்டம் தெரியவேண்டும். தேவாலயம் அறநிறுவனக் கணக்கில் வரும் என்பதால் இழப்பீட்டுக்கு 20,000 டாலர்தான் உச்சவரம்பாக இருந்தது. வழக்குப் போடக் கெடு 3 ஆண்டுதான் இருந்தது. பத்து வயதில் சீரழிக்கப்பட்ட பிள்ளை வளர்ந்து வாய் திறப்பதற்குள் எல்லாம் கடந்துபோயிருக்கும். ஆகவே வக்கீல்கள் மறைமாவட்டத்தோடு தனியாகப் பேசி, வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்து வாங்கி, ஒரு தொகையோடு முடித்துவிட்டார்கள். வழக்கு எண் இல்லை, மனு இல்லை. நீதிமன்றப் பதிவறையில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் ஒன்றும் கிடைக்காது.

'பாஸ்டன் குளோப்' பத்திரிகையின் 'ஸ்பாட்லைட்' புலனாய்வுக் குழு செய்தது இதுதான். ஏற்கெனவே பெயர் தெரிந்த பாதிரியார்களை எடுத்து, புகார் எழுந்து பங்கிலிருந்து தூக்கப்பட்ட ஆண்டில் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள். 'உடல்நல விடுப்பு', 'பணி ஒதுக்கப்படவில்லை'. திரும்பத் திரும்ப இவையே. பிறகு தலைகீழாகத் தேடினார்கள்: இந்தச் சொற்கள் எந்தெந்தப் பெயருக்கு நேரே வருகின்றன? இரண்டு மூன்று ஆண்டுக்கொரு பங்கு என்று யார் மாறிக்கொண்டே இருக்கிறார்? அடிக்கோலை வைத்து வரிவரியாக இறங்கி, ஒவ்வொன்றையும் எக்செல்லில் ஏற்றினார்கள். படத்தில் கடைசியில் 87 பெயர்கள் நிற்கின்றன. சுமார் 1,500 பாதிரியார்களில் 6 சதவீதம், அதாவது 90 பேர் இருப்பார்கள் என்று முன்னாள் பாதிரியாரும் மனநல சிகிச்சையாளருமான ரிச்சர்ட் சைப் தொலைபேசியில் சொன்ன கணக்கை அது உரசிக்கொண்டு நிற்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் பட்டியல் ஆதாரம் ஆகாது. நிஜமாகவே நோயில் படுத்தவரும் அதில் இருப்பார். ஒரு பெயர் தப்பினால் போதும், மொத்தச் செய்தியையும் பொய் என்று தள்ளிவிடலாம். அதனால்தான் ஒவ்வொரு பெயருக்கும் பாதிக்கப்பட்டவர், வக்கீல், கடிதம் என்று தனித்தனியாக உறுதி தேடி அலைகிறார்கள்.

குழுவின் நிருபர் ரெஸென்டெஸ் கத்துகிற காட்சியைப் பலரும் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகளைச் சீரழித்த பாதிரியார் ஜான் கேகனைப் பற்றி உயர்மறைமாவட்டத் தலைவர் கர்தினால் லாவுக்கு முன்பே தெரியும் என்று காட்டும் கடிதங்கள் கையில் வந்துவிட்டன, உடனே போடு என்கிறார். குழுத் தலைவர் ராபின்சன் மறுக்கிறார். ஒருவரைப் பற்றி மட்டும் எழுதினால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிறுவனம் அப்படியே நடக்கும் என்பது அவர் கணக்கு. பத்திரிகையின் ஆசிரியர் மார்ட்டி பாரனும் கேட்டது மேலிருந்து நடந்த ஏற்பாட்டைத்தான். ராபின்சன் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் காத்திருப்பு நாட்களில் அந்தப் பாதிரியார்களில் சிலர் பிள்ளைகள் நடுவில்தான் இருந்தார்கள். ரெஸென்டெஸின் தொண்டை அடைப்பது அதற்காக.

இதைவிட என்னைத் தொட்டது, 20 பாதிரியார்கள் பற்றி ஒரு வக்கீல் ஆண்டுகளுக்கு முன்பே இதே பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார் என்பது தெரியவரும் இடம். உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டுப் புதைத்திருந்தார்கள். அப்போது அந்த உள்ளூர்ச் செய்திப் பகுதிக்கு ஆசிரியர் இதே ராபின்சன். படம் அவரைத் தப்பவிடவில்லை.

2002 ஜனவரி 6, ஞாயிறு. முதல் செய்தி வந்தது. அந்த ஆண்டில் மட்டும் சுமார் 600 செய்திகள். டிசம்பரில் லா பதவி விலகினார். படத்தின் காட்சிகள் அதுவரை போகவில்லை, முடிவில் எழுத்தில் மட்டும் சொல்கிறது. செய்தியோடு தொலைபேசி எண்ணையும் அச்சிட்டிருந்தார்கள். விடுமுறை நாளில் அந்த அறையில் மணி ஓயாமல் அடிக்கிறது, ஆள் போதாமல் எல்லாரும் எடுக்கிறார்கள், ராபின்சனும் ஒன்றை எடுக்கிறார்.