குண்டால் சுவரில் கடிதம் எழுதும் உளவாளிகள்

ஆன்லைன் கேம்களும் உளவாளிகளும் பற்றிய நேற்றைய டிவி விவாதத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முழுசாகச் சொல்லப் போவதில்லை. உளவாளிகள் ஆன்லைன் கேமில்தான் பேசிக்கொள்கிறார்களாம், 2015 பாரிஸ் பயங்கரவாதத் தாக்குதலே பிளேஸ்டேஷன் கேம் கன்சோலில் போட்ட திட்டமாம். "பாதுகாப்பு நிபுணர்" அடித்துவிடுகிறார், நெறியாளர் தலையாட்டுகிறார்.

இது 2015லேயே செத்த கதை. பிளேஸ்டேஷன் 4ஐக் கண்காணிப்பது வாட்ஸ்அப்பைவிடக் கஷ்டம் என்று பெல்ஜியம் உள்துறை அமைச்சர் யான் யாம்போன் பொதுவாகச் சொன்னது தாக்குதலுக்கு மூன்று நாள் முன்பு. ஃபோர்ப்ஸ் தளக் கட்டுரை ஒன்று அதை நவம்பர் 13 தாக்குதலோடு முடிச்சுப் போட்டது, பிறகு திருத்தமும் போட்டது. திருத்தத்தை யார் ஃபார்வர்ட் செய்கிறார்கள்? தாக்கப்பட்ட இடங்களில் ஒன்றான படாக்ளான் அரங்குக்கு அருகே குப்பைத்தொட்டியில் கிடைத்த செல்போனில் இருந்தது "கிளம்பிட்டோம், ஆரம்பிக்கிறோம்" என்ற சாதா எஸ்எம்எஸ். சாதா எஸ்எம்எஸ், ஐயா!

சுவரில் குண்டால் சுட்டே செய்தி எழுதுவார்களாம். பெரும்பாலான கேம்களில் குண்டுத் தழும்பை அவரவர் மெஷின்தான் வரைகிறது. எனக்குத் தெரியும் ஓட்டை உங்களுக்கும் அதே இடத்தில் தெரியும் என்று உத்தரவாதம் இல்லை. எத்தனை தழும்பு நிற்கும் என்பதற்கும் வரம்பு உண்டு, தாண்டினால் பழையது மறையும். சுடும்போது துப்பாக்கி உதைக்கும் ரீகாயில் வேறு. 'க' எழுதி முடிப்பதற்குள் எவனாவது ஹெட்ஷாட் அடித்துவிட்டுப் போவான்.

உளவாளிக்கு முதலில் வேண்டியது தடயம் இல்லாமை. கேம் சர்வரோ தடயக் கிடங்கு: ஐபி முகவரி, கன்சோல் அடையாள எண், எத்தனை மணிக்கு யாரோடு ஆடினான், ஸ்கின் (கேம் அலங்காரம்) வாங்கிய கார்டு, எல்லாம் லாக் என்ற பதிவேட்டில் விழும். யாராவது ரிப்போர்ட் அடித்தால் சாட் உரையாடலை கேம் நிறுவன ஆட்களே படிக்கலாம். வேலரண்ட் என்ற கேமைக் கம்ப்யூட்டரில் ஆட வேண்டுமென்றால் கர்னல் மட்டத்தில், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையத்தில், ஓடும் வான்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை நிறுவ வேண்டும், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே அது விழித்துக்கொள்ளும். எந்த உளவாளி அதைத் தன் லேப்டாப்பில் ஏற்றுவான்?

"அப்ப அமெரிக்க உளவு ரகசியங்களைக் கசியவிட்ட ஸ்னோடனின் ஆவணம்?" என்பீர்கள். 2013 டிசம்பரில் வந்தது, சரி. அமெரிக்க, பிரிட்டன் உளவு ஏஜென்சிகள் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமிலும் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகிலும் நுழைந்தன. செகண்ட் லைஃபில் ஏஜென்சி ஆட்களே ஒருவரையொருவர் முட்டிக்கொள்ளாமலிருக்க ஒருங்கிணைப்புக் குழு கேட்கும் அளவுக்குக் கூட்டம்! வெளியான ஆவணங்களில் பிடிபட்ட பயங்கரவாதி ஒருவர்கூட இல்லை. திருட்டு கிரெடிட் கார்டு கும்பல் ஒன்று சிக்கியது, அது வேறு கதை.

"முடியவே முடியாதா?" முடியும். காய்கறிச் சந்தையில் நின்றும் சங்கேதம் சொல்லலாம், சந்தையை மூடுவோமா?

நிஜமாகச் செய்தவர்களைப் பாருங்கள். ரஷ்யாவுக்கு உளவு பார்த்து 2001இல் பிடிபட்ட எஃப்பிஐ அதிகாரி ஹான்சன், அமெரிக்காவின் வர்ஜீனியா பூங்காவில் மரப்பாலத்துக்கு அடியில் பொட்டலம் வைத்தார். அதே ஆண்டு பிடிபட்ட, அமெரிக்க ராணுவ உளவுத்துறையில் இருந்தபடி கியூபாவுக்கு உளவு பார்த்த ஆனா மான்டெஸுக்கு கியூபா ஷார்ட்வேவ் ரேடியோவில் எண்களாக உத்தரவு அனுப்பியது. ரேடியோ கேட்பவர் பெயர் எந்த சர்வரிலும் பதியாது, அதுதான் காரணம். மான்டெஸ் தன் லேப்டாப்பில் சரியாக அழிக்காததால்தான் அதிலிருந்த செய்திகள் மீட்கப்பட்டன.

கேமர்கள் வட்டத்தில் ரகசியம் கசிந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021இல் வார் தண்டர் என்ற போர் கேம் ஆடும் ஒருவர், கேமில் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கியைத் தப்பாக வடிவமைத்திருக்கிறார்கள் என்று நிரூபிக்க ராணுவ ஆவணத்தையே கேமின் இணைய மன்றத்தில் போட்டார். அமெரிக்க விமானப்படை தேசியக் காவல் வீரர் டெய்ஷேரா, டிஸ்கார்ட் என்ற சாட் தளத்தில் ரகசிய ஆவணங்களைப் போட்டது கேமிங் நண்பர்களிடம் பந்தா காட்ட, அதற்கு 15 ஆண்டு சிறை. இரண்டிலும் சங்கேதமும் இல்லை, குண்டுத் தழும்பும் இல்லை.

இதைச் சொன்னதற்குத்தான் நேற்று கமெண்டில் "எந்த நாட்டு ஏஜென்ட்?" என்றார் ஒருவர். பல வருட நண்பர், சிரிப்பு ஸ்மைலிகூடப் போடவில்லை. போகட்டும். அடுத்த விவாதத்துக்காவது, கேம் சர்வர் லாக்கை ஒருமுறையேனும் திறந்து பார்த்த யாரையாவது கூப்பிடுங்கள்.